பாறை ஏன் அசையாமல் நிற்கிறது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் அதை இறக்கி வைத்துவிட்டு வரவும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேசை மேல் கறுப்புத் துணி, அதன் மேல் கைக்கு அடக்கமான விண்கல பொம்மைகள், நடுவில் அட்டையில் வெட்டிய ஆறு பாறைகள். "சார், நீங்கள் நடத்திய இயற்பியலுக்கும் இதற்கும் ஒத்தே வரவில்லை. கலம் பறக்கிறது, பாறை மட்டும் ஏன் நிற்கிறது?" என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் அன்றைய பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இதைத்தான் பேசியிருப்பேன்.

அந்த விளையாட்டின் பெயர் எக்ஸ்-விங். 2012-இல் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் மாறி மாறிச் சிறுகோள் அட்டைகளை வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கலத்துக்கும் உரிய வட்டத் தகட்டில், எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதை எதிராளிக்குத் தெரியாமல் திருப்பி வைப்பார்கள். திறந்து காட்டிய பிறகு மாற்ற முடியாது. கலம் பாறை மேல் ஏறிவிட்டால் பகடை உருட்ட வேண்டும், அடிபடலாம். பாறைக்குப் பின்னால் நிற்பவனைச் சுட்டால் அவனுக்குத் தற்காப்புப் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். இவ்வளவு நுட்பம் இருந்தும் அந்த ஆறு பாறைகளும் முதல் நிமிடத்தில் வைத்த இடத்திலேயே கடைசி வரை கிடக்கும்.

விண்வெளியில் "நிற்பது" என்றால் என்ன பொருள்? எதைப் பொறுத்து நிற்கிறது? 1632-இல் கலிலியோ தன் உரையாடல் நூலில் இதைப் பேசிவிட்டார். சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவனால், கப்பல் போகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. எழும்பூரில் பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறோமே, அதே கதைதான். பூமியில் தரை என்று ஒன்று இருப்பதால் "நிற்கிறது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விண்வெளியில் தரை இல்லை. அப்படியானால் அந்தப் பாறைக்குத் தரையைக் கொடுத்தது யார்? மேசைதான்.

மேசைப் போர் விளையாட்டுகளின் மூதாதை பிரஷ்யாவில் பிறந்தது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, 1-க்கு 8000 என்ற அளவில் வரைந்த நிலப்படத்தின் மேல் சிவப்பு, நீலக் கட்டைகளை நகர்த்தி ஆடும் போர்ப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். ஒரு முறை ஆடுவது இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இடையில் ஒரு நடுவர். குன்று, ஆறு, காடு எல்லாம் தாளில் அச்சாகியிருக்கும். அங்கே தடை அசையாமல் இருந்ததில் தப்பே இல்லை. குன்று எங்கே போகும்? தடை என்றால் தரையோடு ஒட்டியது என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது. பின்னால் வந்தவர்கள் யோசிக்காமல் அதைச் சுமந்துகொண்டே வந்தார்கள்.

பழக்கத்தை முதலில் உடைத்தது கடல். கடல் நடுவில் குன்று இல்லை, காடு இல்லை. தடை என்று சொல்ல இருப்பவை இன்னொரு கப்பல், கப்பலின் புகை, கப்பல் கூட்டம். எல்லாமே நகர்பவை. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் லிவர்பூலில் ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே பந்தயம் மனித உயிர்.

1942 ஜனவரி. இரண்டாம் உலகப் போர். அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவரும் சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோய் காரணமாகக் கடற்படையிலிருந்து முன்பு விடுவிக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியை, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கச் சொல்லி லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கிடைத்தது சில அறைகளும் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களும்தான். ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓகெல் போன்றவர்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும், கடலில் போர் பார்த்தவர்கள் அல்லர்.

தரையையே கடலாக்கினார்கள். தரையில் கட்டம் வரைந்து, சிறு கப்பல் மாதிரிகளை வைத்து, சுண்ணக்கட்டியால் அவை போகும் தடத்தை வரைந்தார்கள். பாதுகாப்புக் கப்பல்களின் தளபதிகளாக ஆடுபவர்கள் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். திரையில் உள்ள சிறு துளை வழியாகத்தான் பார்க்கலாம், உண்மைக் கடலில் தளபதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சைச் சுண்ணக்கட்டியால் வரைவார்கள், துளை வழியே பார்ப்பவர் கண்ணுக்கு அது தரை நிறத்தோடு கலந்து தெரியாது. இங்கும் ஒரு முறைக்கு இரண்டு நிமிடம், அதற்குள் உத்தரவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தத் தரையில் நடுவில் இருந்த பெரிய பொருள் சரக்குக் கப்பல் அணி. வரிசை வரிசையாக, வரிசைக்கு வரிசை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகும் பெரும் கூட்டம். அது சண்டை போடாது, சட்டென்று திரும்பவும் முடியாது. இராட்டினம் மாதிரி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாதுகாப்புக் கப்பலுக்கு அது குறுக்கே நிற்கும் தடை. அதை ஊடுருவிச் சுட முடியாது, இருட்டில் அதற்குள் புகுந்தால் மோதல்.

முந்தைய சண்டைகளின் விவரங்களைத் தரையில் மறுபடி ஆடிப் பார்த்தபோது ராபர்ட்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடுகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், அதனால் கப்பல் வெடித்ததும் பாதுகாப்புக் கப்பல்கள் வெளிப்பக்கம் பாய்ந்து தேடின. தரையில் கணக்குப் போட்டால் அது பொருந்தவில்லை. நீர்மூழ்கி இரவில் நீர்மட்டத்தில் மிதந்தபடி பின்னாலிருந்து வந்து, அணியின் வரிசைகளுக்குள்ளேயே புகுந்து, உள்ளிருந்தே சுடுகிறது என்று வைத்தால்தான் பொருந்தியது. சுட்ட பிறகு மூழ்கிவிடும். அணி அதன் தலைக்கு மேலே கடந்து போய்விடும். அதாவது, காப்பவனுக்குத் தடையாக இருந்த அதே நகரும் கூட்டம் தாக்குபவனுக்குக் கேடயமாக இருந்தது.

இதற்கு மாற்றாக அவர்கள் வகுத்த முறைக்கு ராஸ்பெர்ரி என்று பெயர் வைத்தார்கள். நம்மூரில் பழிப்புக் காட்டுவோமே, அதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் அது. ஹிட்லருக்குக் காட்டிய பழிப்பு. பாதுகாப்புக் கப்பல்கள் வெளியே சிதறாமல் அணியைச் சுற்றியும் அதன் பின்புறத்திலும் திட்டமிட்டுத் தேட வேண்டும் என்பதே அதன் சாரம். நீர்மூழ்கி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அணி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரியும், ஆகவே இன்னும் சில நிமிடங்களில் நீர்மூழ்கி அணிக்குப் பின்னால் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். தடை நகர்ந்ததால்தான் கணக்கே போட முடிந்தது! முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தளபதியாக இருந்த மாக்ஸ் ஹார்ட்டன், 1942 நவம்பரில் அந்தப் பகுதியின் தலைமைக்கு வந்தபோது, தானே நீர்மூழ்கியாக ஆடிப் பார்த்தார். எதிரில் ஆடிய ஓகெல் என்ற பெண்ணிடம் மீண்டும் மீண்டும் தோற்றார். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5000 கடற்படை அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி பெற்றார்கள்.

இனி விண்வெளிக்கு வருவோம்.

1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி.-1 என்ற கணினியில் ஸ்பேஸ்வார் என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். ஊசி போல ஒன்று, ஆப்பு போல ஒன்று, இரண்டு கலங்கள் ஒன்றையொன்று சுடும். இது மேசை விளையாட்டு இல்லைதான், ஆனாலும் இதை விட்டுவிட முடியாது. முதலில் பின்னணி வெறும் இருட்டாக இருந்ததால் மெதுவாகப் போகும் கலம் நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதற்காகப் புள்ளிகள் வைத்தார்கள். கலிலியோவின் கப்பல் அறை கணினிக்குள் வந்துவிட்டது பாருங்கள். பிறகு பீட்டர் சாம்ஸன் உண்மையான வானத்தின் விண்மீன்களையே கொண்டுவந்து வைத்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். சூரியன் நடுவில் அசையாமல்தான் இருந்தது, ஆனால் சும்மா இல்லை. கலத்தை இழுத்தது. மோதினால் சாவு, அருகில் சுற்றி வளைந்தால் இலவச வேகம். தடையே வழியாகவும் ஆனது.

இதைத் தாளுக்குக் கொண்டுவந்த விளையாட்டு 1973-இல் வந்த ட்ரைபிளானட்டரி. மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் வடிவமைத்தது. அறுகோணக் கட்டங்கள் போட்ட சூரியக் குடும்பப் படம், அதன் மேல் கண்ணாடித்தாள், அதில் மெழுகுப் பென்சிலால் அம்புக்குறி வரைய வேண்டும். போன முறை ஐந்து கட்டம் வடக்கே போனாயா? இந்த முறையும் ஐந்து கட்டம் வடக்கேதான். எரிபொருளைச் செலவழித்தால் அம்பின் முனையை ஒரு கட்டம் நகர்த்தலாம். நியூட்டனின் முதல் விதியை இதைவிடச் சுருக்கமாகப் பிள்ளைகளுக்குக் காட்டும் கருவியை நான் பார்த்ததில்லை. பதினோராம் வகுப்பு வெக்டர் பாடத்துக்கு முன் ஒரு மாலை இதை ஆடவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது கண்ணிவெடி. நிலத்தில் கண்ணிவெடி என்றால் புதைத்த இடத்தில் கிடப்பது. ட்ரைபிளானட்டரியில் கலம் கண்ணிவெடியை வெளியே விட்டால் அதற்கும் கலத்தின் அதே வேகம், அதே திசை. கூடவே வரும்! விட்டவன் உடனே பாதையை மாற்றிக்கொள்ளாவிட்டால் அவனுக்கே ஆபத்து. மேசை விண்வெளியில் நகரும் தடை என்பது இங்கே அலங்காரம் இல்லை, இயற்பியலிலிருந்து தானாகப் பிறந்தது. ஆனால் அதே விளையாட்டில் கோள்கள் சூரியனைச் சுற்றுவதில்லை. செவ்வாய் அச்சடித்த இடத்திலேயே கிடக்கும். சிறுகோள் கட்டங்களும் அப்படியே, வேகமாக நுழைந்தால் பகடை உருட்டு என்பதோடு சரி. கலத்துக்கு நேர்மையாக இருந்தவர்கள் கோளுக்கு ஏன் இல்லை? சோம்பல் இல்லை, வேலைப்பளு. எல்லாவற்றையும் நகர்த்தினால் ஒரு முறை ஆடவே அரை மணி நேரம் ஆகும்.

கணினிக்கு அந்தக் கவலை கிடையாது. 1979-இல் அட்டாரி நிறுவனத்தின் ஆஸ்டிராய்ட்ஸ் வந்தது. நகரும் பாறைகள்தான் விளையாட்டே. பெரிய பாறையைச் சுட்டால் இரண்டாகும், அவற்றைச் சுட்டால் இன்னும் சிறியதாகும். ஒரு ஓரத்தில் வெளியே போவது எதிர் ஓரத்தில் உள்ளே வரும். அடுத்த ஆண்டே ஸ்டார் வார்ஸ் இரண்டாம் படத்தில் சிறுகோள் கூட்டத்துக்குள் துரத்தல் காட்சி. அந்தப் பாறைகளில் ஒன்று உருளைக்கிழங்கு என்று சொல்வார்கள். உலகத்துக்கே "விண்வெளி என்றால் பாறைக் காடு" என்று மனதில் பதிந்தது அப்போதுதான்.

உண்மை என்ன? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள் பட்டையின் மொத்தப் பொருளையும் சேர்த்தால் நம் நிலாவின் நிறையில் 3 சதவீதம்தான் தேறும். சராசரியாக ஒரு சிறுகோளுக்கும் அடுத்ததற்கும் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. 1972 ஜூலையில் பயோனியர் 10 அந்தப் பட்டைக்குள் நுழைந்து 1973 பிப்ரவரியில் சேதமில்லாமல் வெளியே வந்தது.

அப்படியானால் எக்ஸ்-விங்கின் பாறை? அதன் குடிவழியைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அதன் ஆட்டமுறை, 2004-இல் இத்தாலியர்களான ஆஞ்சியோலினோவும் பாலியாவும் உருவாக்கிய விங்ஸ் ஆஃப் வார் விளையாட்டிலிருந்து வந்தது. அது முதல் உலகப் போர் விமானங்களின் விளையாட்டு. 1977-இல் முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் வான் சண்டைகளை அமைக்கவும் ஜார்ஜ் லூகாஸ் உலகப் போர் விமானச் சண்டைப் படச்சுருள்களைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். ஆக, அந்தக் கலங்கள் விண்கல வேடம் போட்ட விமானங்கள். காற்றில் பறப்பது போலச் சாய்ந்து திரும்புகின்றன. விமானத்துக்குத் தடை மலை, மலை நகராது. பாறை என்று நாம் பார்ப்பது, வேடம் போட்ட மலை. என் மாணவனுக்கு நான் எழுதிய பதிலின் சுருக்கம் இதுதான்.

இதற்கு நடுவில் 1999-இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காத்திக் என்ற பெரும் கப்பற்படை விளையாட்டு ஒரு நல்ல வேலை செய்தது. அதில் சிறுகோள் கூட்டங்கள் அசையாதவைதான். ஆனால் ஏவிய டார்பிடோக்கள் மேசையிலேயே அடுத்தடுத்த முறைகளில் 30 செ.மீ. வீதம் நேராக ஊர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே வருவது எதிரியா நம்மவரா என்று பார்க்காது. குறி வைத்து அடிப்பதைவிட, "இந்தப் பக்கம் வராதே" என்று நகரும் வேலி போடத்தான் அவை மிகவும் உதவும்.

சரி, வீட்டில் பாறைகளை நகர்த்தி ஆட வேண்டுமானால்? கேட்பவர்களுக்காக யோசித்து வைத்திருக்கிறேன்.

எல்லாப் பாறைகளையும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்த்தாதீர்கள். ட்ரைபிளானட்டரி மாதிரி நிலைமத்தை மதிக்கும் விளையாட்டில் அதனால் எந்த மாற்றமும் வராது, மேசையின் ஓரம் மட்டும்தான் நகர்ந்தது போல ஆகும். கலிலியோ அங்கேயும் குறுக்கே நிற்பார். எக்ஸ்-விங் போன்ற விமான வகையில் மட்டும் அது ஆற்றோட்டம் போலப் பயன்படும். பொதுவாக ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனி அம்புக்குறி ஒட்டிவிடுங்கள். ஒரு விரல் அகலம், இரண்டு விரல், அதிகம் போனால் மூன்று.

திசையைப் பகடை போட்டுத் தீர்மானிக்கலாமா என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது. பகடையால் நகரும் பாறை மழை மாதிரி, வந்தால் நனைய வேண்டியதுதான். அம்புக்குறியால் நகரும் பாறை இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். தவறவிட்டவனுக்குக் குறைசொல்ல ஆளில்லை.

எப்போது நகர்த்துவது என்பதுதான் முக்கியம். கலங்கள் ஓடி முடித்த பிறகு நகர்த்தினால், ஒழுங்காக ஒதுங்கி நின்றவன் மேல் பாறை வந்து ஏறும். உத்தரவு எழுதும் முன்பே நகர்த்தினால் பாறை நின்ற மாதிரிதான், பயனில்லை. உத்தரவை ரகசியமாக எழுதிய பிறகு, திறந்து காட்டும் முன், பாறைகளை நகர்த்துங்கள். அப்போது இரண்டையும் மனக்கணக்காகப் போட்டுத்தான் உத்தரவு எழுத வேண்டியிருக்கும். நம் ராஸ்பெர்ரிப் பெண்கள் போட்ட கணக்கும் அதே வகைதான்.

பாறை ஓரத்தைத் தாண்டினால் ஆஸ்டிராய்ட்ஸ் மாதிரி எதிர்ப்புறம் உள்ளே வரட்டும். பாறையும் பாறையும் மோதினால் இரண்டையும் எடுத்துவிட்டுச் சிறு துண்டுகள் நாலு போடுங்கள், அவை வேறு வேறு திசையில் போகட்டும். இது கற்பனை இல்லை. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே 789 கி.மீ. உயரத்தில் இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும் காஸ்மாஸ் 2251 என்ற செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் நொடிக்கு 11 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் மோதின. பின்தொடரக்கூடிய அளவுள்ள துண்டுகளே 2000-க்கு மேல். ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலை உண்டாக்கும் என்று டொனால்ட் கெஸ்லரும் கூர்-பலேவும் 1978-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். சிறுகோள் பட்டை காலி, நம் தலைக்கு மேலேதான் நெரிசல்.

கடைசியாக ஒரு தந்திரம். கலத்தைப் பாறையோடு அதே திசையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பாறை நகரும் கேடயமாகிவிடும். எதிராளி சுட இடம் தேடிச் சுற்றி வருவதற்குள் நீங்கள் அவன் முதுகுப் பக்கம் போயிருப்பீர்கள். இதை முறியடிக்க என்ன வழி என்று நான் சொல்லப்போவதில்லை. லிவர்பூல் பத்திகளை மறுபடி படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்து, எந்த விதி எங்கே இடறியது என்று எழுதுங்கள்.